விண்கல்லில் உயிரின் வித்தைத் தேடியவர்

உயிர் எங்கிருந்து வந்தது? ஞானிகளும் கேட்ட வினா இது. குழந்தைகளும் கேட்கும் வினா இது. இவ்வினாவைச் சோதனைக்குழாய்க்குக் கொண்டுவந்த அறிஞர்களுள் ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. அவர் முதற்பட்டம் பெற்றது நாம் பட்டம் பெறப்போகும் அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். அதுவும் வேதியியலில் அன்று, தத்துவத்தில்!

இலங்கையின் தென்கோடியில் உள்ள காலி நகரில் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று பிர்க்பெக் கல்லூரியில் சேர்ந்தார். பகலில் உழைப்பவர்கள் மாலையில் படிப்பதற்கென்றே பெயர் பெற்ற கல்லூரி அது. உயிரின் தோற்றம் பற்றி ஆழ்ந்து சிந்தித்த பேராசிரியர் ஜே. டி. பெர்னால் அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். 1959இல் வேதியியலில் பி.எஸ்சி. பட்டம் பெற்றபோது பொன்னம்பெருமாவின் வயது 35ஐத் தாண்டியிருந்தது.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். பீர்க்கன்கரணையில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்து என்ன ஆகப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வேறு பாடம் கிடைக்காமல் இந்த வகுப்புக்கு வந்த நண்பர்களோ, இருபது வயதிலேயே காலம் கடந்துவிட்டதென்று பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் முதலாண்டு மாணவராக அமர எவ்வளவு துணிவு வேண்டும்!

1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெல்வின் கால்வினிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். மீத்தேன், அம்மோனியா, நீராவி ஆகியவை கலந்த வாயுவில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, மரபுப்பொருளின் உறுப்பான அடினீன் உண்டாவதை 1963இல் கால்வின் குழுவினருடன் காட்டினார். அதே ஆண்டு கார்ல் சேகன், ரூத் மரைனர் ஆகியோருடன், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைப் புற ஊதாக் கதிரின் துணையால் உருவாக்கிக் காட்டினார்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்ததை இயற்கையும் செய்ததா? இதற்குச் சான்று பூமியில் கிடைப்பது அரிது. மழையும் எரிமலையும் உயிர்களும் பழைய தடயங்களை அழித்துவிட்டன. சூரிய மண்டலம் உருவான ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பொருள், சில விண்கற்களில்தான் பெரிதும் மாறாமல் இருக்கிறது.

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் அத்தகைய விண்கல் ஒன்று சிதறி விழுந்தது. சந்திரனின் மண்ணை ஆராய்வதற்காகத் தூய்மைப்படுத்தி வைத்திருந்த ஏம்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு அதன் துண்டுகள் வந்து சேர்ந்தன. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. உடனே கொண்டாடிவிட முடியுமா? முன்பு வேறு கற்களில் கண்ட அமினோ அமிலங்கள், தொட்டவர்களின் விரல் வியர்வையிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்திருந்தது.

ஐயத்தைத் தீர்த்தது நாம் கரிம வேதியியலில் படிக்கும் ஒளிச்சுழற்சி மாற்றியம். உயிர்களின் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்கள் இடக்கை வடிவத்தவை. மர்ச்சிசன் கல்லிலோ இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை மனித விரலின் கறை அல்ல, விண்ணின் விளைபொருள். கெய்த் குவென்வோல்டன் முதல் ஆசிரியராகவும் பொன்னம்பெருமா உடன் ஆசிரியராகவும் 1970இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

கல்லில் கண்டது உயிர் அன்று, உயிரின் மூலப்பொருள் மட்டுமே. செங்கல் குவிந்த இடமெல்லாம் வீடாகிவிடாது என்பது கொத்தனாரான என் தந்தைக்குத் தெரியும். செங்கல் எப்படி வீடாயிற்று என்ற வினா இன்றும் தீரவில்லை.

1971இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1984 முதல் 1990 வரை இலங்கையின் அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். உலகப் புகழ் பெற்ற பின்னும் பிறந்த நாட்டின் இளைஞருக்கு ஆய்வின் கதவைத் திறக்க முயன்ற பண்பு போற்றத்தக்கது. 1994ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார்.

அவர் ஈடுபட்ட தேடல் நிற்கவில்லை. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் ஒரு விண்கலம் 121.6 கிராம் பொருளைப் பூமிக்குக் கொண்டுவந்தது. உயிர்ப் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இடக்கையும் வலக்கையும் அதிலும் ஏறக்குறையச் சமமே. அப்படியானால் பூமியில் உயிர் மட்டும் ஏன் இடக்கையைத் தேர்ந்தது? விடை சொன்னவர் எவரும் இல்லை.

நண்பர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் குடுவையைக் கழுவும்போது சற்றுக் கூடுதலாகவே கழுவுங்கள். விண்ணிலிருந்து வந்ததையும் நம் விரலிலிருந்து வந்ததையும் பிரித்தறியும் கலை அந்தக் கழுவுதலில்தான் தொடங்குகிறது.