சேலம் விஜயராகவாச்சாரியார்: பழியும் பதவியும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் ஏம்பலம் போன்ற ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை ஒரு நியாயஸ்தலம் கூடிவிடும். வேட்பாளர் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் என்ன செய்வார் என்னும் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். வாலிபத்தில் எப்படி நடந்தார், எந்த வழக்கில் சிக்கினார் என்பதே முதல் விசாரணை. 2003 முதல் வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று ஏற்பட்டது. திண்ணையோ அந்தக் கடமையை அதற்கு வெகு காலம் முன்பே மேற்கொண்டிருந்தது. புதுச்சேரியிலேயே வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-இல் ஐரோப்பியப் பாதரட்சை அணிந்து கோர்ட்டுக்குச் சென்றதற்காக அவமதிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றார். அவரைப் பிடித்த பழி செருப்பினால் வந்தது, சிரித்துவிட்டுப் போகலாம். உயிரையும் மானத்தையும் ஒருங்கே பிடித்த பழி ஒன்றைத் தாங்கி, அதே ஊரில் நின்று ஜனப் பிரதிநிதியான ஒருவரின் கதையைச் சொல்லச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

செங்கற்பட்டு ஜில்லா பொன்விளைந்த களத்தூரில் 1852-ஆம் வருஷம் ஜூன் 18-ஆம் தேதி பிறந்தவர் விஜயராகவாச்சாரியார். சென்னை மாகாணக் கல்லூரியில் 1875-இல் பட்டம் பெற்று, சில காலம் மங்களூரிலும் பின்னர் சேலத்திலும் உபாத்தியாயராக இருந்தார். வகுப்பில் சேர்ந்து படிக்காமலே சட்டப் பரீட்சை எழுதித் தேறி, 1881-இல் வக்கீலானார். மறு வருஷமே சேலம் முனிசிபல் சபையில் அங்கத்தினர். முப்பதாவது வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த முப்பதாவது வயதில்தான் இடி விழுந்தது. 1882 ஆகஸ்டில், மசூதிக்கு அருகே வாத்தியத்துடன் ஊர்வலம் போவது பற்றி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட தகராறு பெருங்கலகமாக வெடித்தது. மசூதியை இடிக்க ஜனங்களைத் தூண்டியவர்களுள் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது ஸர்க்கார் குற்றஞ் சாட்டியது. விசாரணை நடந்தது; பத்து வருஷம் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. நேற்று வரை சபையில் வரியும் சாக்கடையும் பேசியவர் இன்று அந்தமானுக்கு அனுப்பத் தக்க குற்றவாளி. இதைவிடப் பெரிய களங்கம் பொதுவாழ்வில் புகுந்த எவருக்கும் நேர்ந்திராது. சென்னை ஹைகோர்ட் அப்பீலை விசாரித்து, அவர் குற்றவாளியல்ல என்று விடுதலை செய்தது.

சாதாரண மனிதர் இத்துடன் தப்பித்தோம் என்று வேறு ஊர் பார்த்துப் போயிருப்பார். அவர் சேலத்தை விடவில்லை. கலகத்தையொட்டி ஸர்க்கார் அவரை முனிசிபல் சபையிலிருந்தும் நீக்கியிருந்தது. சிறைக் கதவு திறந்தும் சபைக் கதவு மூடியே இருந்தது. குற்றவாளியல்ல என்று கோர்ட் சொல்லிவிட்டாலும், லாயக்கற்றவன் என்று ஸர்க்கார் போட்ட முத்திரை முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நாளை ஊரார் முன் எப்படி நிற்பது? ஆகவே இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி, தம்மை நீக்கியது சட்ட விரோதமென்று வழக்குத் தொடுத்தார். 1884-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நஷ்டஈடு 100 ரூபாய்! வழக்குச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு அது என்று வக்கீல்களைக் கேட்டால் தெரியும். ஆயினும் அந்த நூறு ரூபாயை ஸர்க்காரைக் கொடுக்க வைத்ததில்தான் அவருடைய மானம் மீண்டது என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொன்று இதைவிட மேலானது. அவருடன் தண்டனையடைந்து அந்தமான் சென்றவர்கள் பலர். தாம் வெளியே வந்தபின் அவர்களை மறந்துவிடவில்லை. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் விண்ணப்பித்து அவர்களது விடுதலைக்கும் உழைத்தார். ‘சேலம் வீரர்’ என்ற பட்டம் ஊர் ஊராகப் பரவியதற்குத் தமக்காக அவர் வாதாடியது மட்டும் காரணமல்ல.

1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையிலேயே அவர் இருந்தார். 1887-இல் மகாசபைக்கு விதிகள் வகுக்க ஏற்பட்ட குழுவிலும் சேர்க்கப்பட்டார். பிறகு 1895-இல் சென்னைச் சட்டசபை ஸ்தானம் கிடைத்தது. அன்று எல்லோருக்கும் வாக்கு இல்லை. 1892-ஆம் வருஷத்துச் சட்டப்படி முனிசிபாலிடிகளும் ஜில்லா போர்டுகளும் தேர்ந்து அனுப்பும் முறைதான் இருந்தது. அந்த வாக்காளர்களில் கலகத்தையும் விசாரணையையும் நேரில் அறிந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பதின்மூன்று வருஷம் அவருடைய நடத்தையைப் பார்த்தபின் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். ஆறு வருஷம் அங்கே பணியாற்றினார். 1913 முதல் 1916 வரை டெல்லி சட்டசபையிலும் இருந்தார். பதவி வந்தபின் ஸர்க்காருக்கு இசைந்து போனவரும் அல்லர். சூரத்தில் 1907-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது அவர் மனம் திலகர் பக்கமே சாய்ந்தது.

ஆனால் கோர்ட்டின் விடுதலை ஊரிலுள்ள எல்லா உள்ளங்களையும் கழுவிவிடும் என்று எண்ணுவது பேதைமை. மசூதியை இழந்தவர்களின் துயரம் ஒரு தீர்ப்பினால் தீர்ந்துவிடக் கூடியதல்ல. 1931-இல் அகோலாவில் ஹிந்து மகாசபைக்கு அவர் தலைமை வகித்ததைக் கண்டு, பழைய சந்தேகத்தைப் புதுப்பித்துக்கொண்டவர்களும் இருந்திருக்கலாம். 1882-இல் குற்றமற்றவர் என்பதற்கும் 1931-இல் அவர் தேர்ந்த வழி சரியா என்பதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் கலந்து பேசுவோர் இரு பக்கத்திலும் உண்டு. அவரை நிரபராதி என்று கொண்டாடும் நாம் அந்தப் பிந்திய வழியையும் கொண்டாட வேண்டியதில்லை.

1920 டிசம்பரில் நாகபுரியில், ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் அக்கிராசனம் வகித்தார். வயது 68. காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் உறுதிப்பட்ட மகாசபை அதுவே. அத்திட்டத்தை அப்படியே ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. தலைமைப் பீடத்தில் இருந்தபடியே தம் மாறுபாட்டை மறைக்காமல் சொன்னார். இதற்கிடையே, ஒருகாலத்தில் அவரை வெளியே நிறுத்திய சேலம் முனிசிபல் சபைக்கு 1917-இல் ராஜகோபாலாச்சாரியார் தலைவராகியிருந்தார். அவரும் சேலத்து வக்கீல்; முதியவரோடு பின்னாளில் அரசியலில் மாறுபட்டவர்.

1944-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி, தொண்ணூற்றோராவது வயதில் விஜயராகவாச்சாரியார் காலமானார். தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்ட நாளிலிருந்து அறுபத்தொரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை காலமும் அவர் பெயருக்கு முன்னால் ஜனங்கள் ஒட்டி வழங்கியது சேலம் என்ற ஊர்ப் பெயரைத்தான்.