நூலைப் பிரித்துப் பார்த்த வால்டர் ஃபிளெமிங்

(மூன்றாம் ஆண்டு மாணவன், டெக்ஸ்டைல் டெக்னாலஜி)



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மாணவர் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, எடிசனும் சர் சி.வி. ராமனும் ஏற்கெனவே எலெக்ட்ரிகல், மெக்கானிகல்காரர்கள் கைக்குப் போய்விட்டார்கள். சரி, எங்கள் துறைக்கு ஒருவரைத் தேடுவோம் என்று நூலகத்தில் உட்கார்ந்தேன். கிடைத்தவர் ஒரு டாக்டர்! பாலிடெக்னிக் மலரில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர் சாயத்தின் வழியாக உள்ளே வருகிறார்.

அவர் பெயர் வால்டர் ஃபிளெமிங். பென்சிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் வேறு ஆள், அவர் ஸ்காட்லாந்துக்காரர். நம்மவர் ஜெர்மானியர். 1843 ஏப்ரல் 21-ல் ஷ்வெரின் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாக்சன்பெர்க்கில் பிறந்தார். அவருடைய அப்பா அங்கே இருந்த மனநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவர். இவர் ஐந்தாவது பிள்ளை, வீட்டுக்கு ஒரே ஆண் பிள்ளை. விஞ்ஞானி கட்டுரை என்றால் தெரு விளக்கில் படித்தார் என்று ஒரு வரி வர வேண்டும். இவருக்கு அதை எழுத முடியாது. வசதியான வீடுதான். பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்து 1868-ல் ரோஸ்டாக்கில் பட்டம் வாங்கினார். 1870-ல் பிரான்சோடு நடந்த போரில் ராணுவ டாக்டராகப் போனார். 1873 முதல் பிராக் நகரத்தில் ஆசிரியர் வேலை. 1876-ல் கீல் என்ற துறைமுக நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு இயல் பேராசிரியர் ஆனார். அதற்குப் பிறகு சாகும்வரை ஊர் மாறவே இல்லை.

இனி சாயத்துக்கு வருவோம்.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற மாணவர், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே மலேரியா மருந்தான குயினைன் செய்து பார்க்க முயற்சி செய்தார். குயினைன் வரவில்லை. கறுப்பாக ஒரு கசடு வந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்தால் அருமையான ஊதா! செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்போது பெர்கினுக்கு வயது 18. எனக்கும் இப்போது 18 தான். நான் லேபில் இதுவரை கசடு மட்டும்தான் செய்திருக்கிறேன். அதன் பிறகு ஜெர்மனியில் சாயக் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. 1863-ல் பேயர், ஹோக்ஸ்ட், 1865-ல் பி.ஏ.எஸ்.எஃப். இந்தச் சாயங்களை மருத்துவர்களும் விடவில்லை. கண்ணாடி போலத் தெரியும் உடல் திசுக்களில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நம் துறை நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லாச் சாயமும் எல்லாத்திலேயும் பிடிக்காது. காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியை ரியாக்டிவ் சாயத்தில் மட்டும் போட்டு எடுத்தால் காட்டன் நிறம் பிடிக்கும், பாலியஸ்டர் வெள்ளையாகவே நிற்கும். துணிக்குள் எது எங்கே ஓடுகிறது என்று சாயமே காட்டிக் கொடுத்துவிடும். ஃபிளெமிங் செல்லுக்குள் செய்ததும் இதுவேதான்.

அவர் காலத்தில் ஒரு பெரிய கேள்வி பாக்கி இருந்தது. செல் என்பது இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கும், சும்மா எங்கிருந்தோ முளைக்காது என்று ராபர்ட் ரேமாக்கும், 1855-ல் ருடால்ஃப் விர்ஹோவும் சொல்லிவிட்டார்கள். ஆனால் செல்லின் நடுவில் இருக்கும் உட்கரு என்ன ஆகிறது? நடுவில் கிள்ளிவிட்ட மாவு உருண்டை மாதிரி இரண்டாகிறதா? இல்லை கரைந்துபோய்ப் புதிதாக உருவாகிறதா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செல்லுக்குள் நிறம் கிடையாது, பார்த்தால் எல்லாம் கூழ்!

ஃபிளெமிங் எடுத்துக்கொண்டது சாலமாண்டர் என்ற நீர்நிலப் பிராணியின் குஞ்சு. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளை இனத்துக்குச் சொந்தம். அதன் செவுளும் வால் ஓரமும் மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவும், செல்களும் ரொம்பப் பெரிசு. அந்தத் திசுவை குரோமிக் அமிலம் போன்ற திரவங்களில் போட்டு, செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே உறைய வைத்தார். பிறகு ஹீமட்டாக்சிலின், சாஃப்ரனின் போன்ற சாயங்களில் ஊறவைத்தார். உட்கருவுக்குள் ஏதோ ஒன்று மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு அவர் வைத்த பெயர் குரோமட்டின். கிரேக்க மொழியில் குரோமா என்றால் நிறம். பெயரிலேயே சாயம் இருக்கிறது பாருங்கள்!

அந்தக் குரோமட்டின், செல் பிரியப்போகும் நேரத்தில் நூல் நூலாகத் திரள்வதைக் கண்டார். நூல்கள் குட்டையாகி, தடித்து, செல்லின் நடுவில் வரிசை கட்டுகின்றன. பின் பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் இழுபடுகின்றன. இரண்டு பக்கமும் இரண்டு உட்கரு உருவாகி, செல்லும் இரண்டாகிறது. கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் நூல். அதை வைத்து 1882-ல் வந்த தன் புத்தகத்தில் இந்த நிகழ்ச்சிக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். பள்ளியில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ் என்று நான் மனப்பாடம் செய்து படம் போட்டு ஐந்து மதிப்பெண் வாங்கிய பாடம் இதுதான். மைட்டாசிஸ் என்றால் நூல் என்று அன்றைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தால் அவ்வளவு உருப்போட வேண்டியிருந்திருக்காது.

இதில் ஒரு சிக்கல். சாயம் போட்ட செல் செத்த செல். சினிமா பிலிமைத் துண்டு துண்டாக வெட்டிக் குலுக்கிக் கொடுத்தால் எது முதல், எது கடைசி என்று எப்படி அடுக்குவது? ஃபிளெமிங் உயிருள்ள சாலமாண்டர் குஞ்சையே மைக்ராஸ்கோப் அடியில் வைத்து, ஒரே செல் பிரிவதை மணிக்கணக்கில் கண் எடுக்காமல் பார்த்தார். சாயம் இல்லாமல் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் வரிசை தெரிந்துவிடும். அதை வைத்துச் சாயமிட்ட துண்டுகளை அடுக்கினார். படங்களைத் தன் கையாலேயே வரைந்தார்.

அவர் பார்த்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்று. அந்த நூல்கள் குறுக்கே அறுபடவில்லை, நீளவாக்கில் பிரிந்தன. இரட்டைப் புரி நூலின் முறுக்கை அவிழ்த்தால் இரண்டு ஒற்றைப் புரி கிடைக்குமே, அதுபோல. குறுக்கே வெட்டினால் ஒரு செல்லுக்குத் தலைப்பாதி, இன்னொன்றுக்கு வால்பாதி போகும். நீளவாக்கில் பிரிந்தால் நூலில் தலையிலிருந்து வால்வரை என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும். பங்காளிகளுக்குள் இப்படிப் பாகம் பிரித்தால் கோர்ட்டுக்கே வேலை இல்லை! உட்கருவின் அளவை மட்டும் பாதியாக்க வேண்டுமென்றால் இவ்வளவு ஏற்பாடு எதற்கு, நூலின் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ தனித்தனிச் சரக்கு இருக்க வேண்டும் என்று வில்ஹெல்ம் ரூ என்பவர் 1883-ல் யோசித்தார். நூல்களுக்குக் குரோமோசோம் என்ற பெயர் 1888-ல் வால்டேயர் வைத்தது. மனிதனுக்கு அவை 46 என்று சரியாக எண்ணி முடிக்க 1956 ஆகிவிட்டது.

அந்தச் சரக்கு என்ன என்பதற்குப் பதில் அப்போதே அச்சில் இருந்தது. கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைக் குணங்களின் கணக்கை 1866-லேயே வெளியிட்டிருந்தார். ஃபிளெமிங்கின் புத்தகம் வந்த 1882-ல் மெண்டல் உயிரோடுதான் இருந்தார். ஒருவர் கையில் நூல், ஒருவர் கையில் கணக்கு. இருவரும் ஒருவரையொருவர் அறியவில்லை. மெண்டல் 1884-ல் இறந்தார். அவர் கட்டுரையை உலகம் தோண்டி எடுத்தது 1900-ல். 1902, 1903-ல் சட்டனும் பொவேரியும் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது ஃபிளெமிங் உடல் நலம் கெட்டு ஆராய்ச்சியை விட்டு ஒதுங்கியிருந்தார். 1905 ஆகஸ்டு 4-ல் கீல் நகரில் காலமானார், வயது 62.

கீல் நகரத்தில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. வீடு இல்லாதவர்களுக்கு வாரா வாரம் சாப்பாடு போட்டார். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவர்களுடைய விடுதிக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். ஒரு பேராசிரியர், காலையில் உலகத்திலேயே யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டு, பிறகு போய் வாய்ப்பாடு சொல்லித் தருகிறார்! இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தவர் அப்பா வேலை பார்த்த பட்டறையின் கணக்குப்பிள்ளை. சாயங்காலம் அப்பா கடைசித் தொட்டியைக் கழுவி முடிக்கும்வரை பாய்லர் ரூம் பக்கத்துத் திண்ணையில் வைத்து நடத்துவார். ஒரு பைசா வாங்கியதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாம் ஆண்டு சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் நான் சாயப்பட்டறை என்று எழுதவில்லை. தனியார் என்று எழுதினேன். அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். காஸ்டிக் பட்டு உள்ளங்கைத் தோல் உரிந்துவரும், கொஞ்ச நாளில் புதுத்தோல் மூடும். கல்லூரிக்கு வந்தால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நில்லுங்கப்பா என்று நானே சொல்லியிருக்கிறேன்.

போன ஜனவரியில் தங்கச்சி படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பிளஸ் ஒன் பிள்ளைகள் வெங்காய வேர் நுனியைச் சூடான அமிலத்தில் காட்டி, சாஃப்ரனின் போட்டு, கண்ணாடித் தகட்டில் நசுக்கி வைத்திருந்தார்கள். நானும் அப்பாவும் ஷிப்ட் முடிந்து நேராகப் போயிருந்தோம். நான் குனிந்து பார்த்தேன், ஒரே சிவப்பு, ஒன்றும் புரியவில்லை. தங்கச்சி அப்பாவையும் பார்க்கச் சொன்னாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, சாயம் ஏறிப்போச்சுங்க டீச்சர், இன்னொரு தண்ணி அலசோணும்ங்க என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டீச்சர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தகட்டின் ஓரத்தில் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு மறுபக்கம் மைஉறிஞ்சும் தாளால் இழுத்தார். கூடுதல் சாயம் தாளில் இறங்கியது. முதலில் கூடச் சாயமேற்றி, பின் ஆல்கஹாலில் அலசி அலசி, குரோமட்டினில் மட்டும் நிறம் நிற்கும்படி செய்வதுதான் ஃபிளெமிங்கின் வழக்கமும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

மறுபடி பார்த்தோம். வெளிறிய செல்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் சிவப்பு நூல்கள், இரண்டு கொத்தாக, ஆளுக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தபடியே நின்றன. அடுத்த பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள். அப்பா நகரவில்லை.