நியூட்ரினோவின் புதிரை முன்னுணர்ந்த மேதை

நட்டவர் மறைந்த பின்னரே கனி தரும் மரங்கள் உண்டு. அவ்வாறு மறைந்தபின் மெய்யான ஓர் எண்ணத்தை விதைத்தவரே புரூனோ பொன்டெகோர்வோ.

இவர் 1913 ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், இத்தாலியின் பைசா நகருக்கு அருகே யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ரோம் நகரில் என்ரிக்கோ பெர்மியின் ஆய்வுக் குழுவில் இவரே இளையவர். 1934இல் வெள்ளியை நியூட்ரான்களால் தாக்கும் சோதனையில், பளிங்கு மேசையின்மீது கிடைத்த அளவீடு மர மேசையின்மீது கிடைக்கவில்லை. இவரும் அமால்டியும் அந்த வேறுபாட்டைப் பிழையென்று தள்ளிவிடவில்லை. மெது நியூட்ரான்களின் கண்டுபிடிப்புக்கு அதுவே வழி திறந்தது.

1936இல் பாரிஸ் சென்றார். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் தாயகத்தின் கதவை அடைத்தன. 1940இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கவே, சைக்கிளில் ஏறித் தப்பினார். அமெரிக்கா, கனடா என வாழ்க்கை நகர்ந்தது. கனடாவில் 1946இல், குளோரின் அணுவை ஆர்கானாக மாற்றும் தன்மையைக் கொண்டு நியூட்ரினோவைக் கண்டறியும் முறையை வகுத்தார். அம்முறையால் சூரிய நியூட்ரினோக்களை எண்ணிய டேவிஸ் 2002இல் நோபல் பரிசு பெற்றார்.

1950இல் இங்கிலாந்தில் பணியாற்றி வந்த பொன்டெகோர்வோ, குடும்பத்துடன் விடுமுறைக்குச் சென்று, சோவியத் நாட்டில் குடியேறினார். ஒற்றர் என்ற பழி எழுந்தது. ஆனால் அது மெய்ப்பிக்கப்படவில்லை. மீண்டும் தாயகத்தைக் காண அவருக்கு 28 ஆண்டுகள் ஆயின.

துப்னா ஆய்வகத்தில் 1957இல், நியூட்ரினோ செல்லும் வழியிலேயே உருமாறக்கூடும் என்னும் கருத்தை வெளியிட்டார். பின்னர், ஒருவகை நியூட்ரினோ மற்றொரு வகையாக மாறலாம் என்று அதை விரிவாக்கினார். அவ்வாறாயின் நியூட்ரினோவுக்கு நிறை இருந்தாக வேண்டும். நிறையில்லை என்று பலரும் கருதிய காலம் அது!

இதை எவ்வாறு சோதிப்பது? காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. அவற்றைக் காணச் சுரங்கத்தினுள் இறங்க வேண்டும்; மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். 1965இல் நம் கோலார் தங்கவயலின் ஆழத்தில் இந்த வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. ஜப்பானில் மலைக்கடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீருடன் சூப்பர் காமியோகாண்டே அமைந்தது. அதன் சுவரெங்கும் பதித்த ஒளியுணர் குழாய்கள், நியூட்ரினோ மோதலால் நீரில் எழும் மெல்லிய ஒளியைப் பதிவு செய்தன.

மேலிருந்து வருபவை சில பத்துக் கிலோமீட்டரும், கீழிருந்து வருபவை பூமியைத் துளைத்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டரும் கடக்கின்றன. மாற்றமே இல்லையெனில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் கீழிருந்து வந்த மியூவான் நியூட்ரினோக்கள் ஏறக்குறையப் பாதியே! நெடுவழியில் அவை வேறு வகையாக மாறிவிட்டன என்று 1998இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் கஜிதாவும் மெக்டொனால்டும் நோபல் பரிசு பெற்றனர்.

பொன்டெகோர்வோ இதனைக் காணவில்லை. நடுக்குவாதத்தால் நெடுநாள் வருந்தி, 1993 செப்டம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பாதி ரோமிலும் மறு பாதி துப்னாவிலும் உள்ளன.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் அளவீடு புத்தகத்தோடு ஒத்துவராதபோது, அதை அழித்துத் திருத்தும் பழக்கம் நம்மிடையே உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நானும் அச்சத்தால் அப்படிச் செய்திருக்கிறேன். இவ்வரலாற்றைப் படித்தபின் என் பதிவேட்டில் ரப்பருக்கு வேலையில்லை. உங்கள் பதிவேட்டிலும் அவ்வாறே ஆகுக!