பேப் சகாரியாஸ்

செஞ்சிக்கோட்டையைக் காணச் செல்வோர் இராசா தேசிங்கின் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. எவர்க்கும் அடங்காத குதிரையை அடக்கி ஏறியவன் என்று கதைப்பாடல் அவனைப் புகழ்கின்றது. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துப் போரிட்டு, அவன் இளமையிலேயே மாண்டான். அவனுடைய அரசியோ, கணவனுக்குப்பின் தீயில் இறங்கியவள் என்ற அளவிலேயே நினைக்கப்படுகிறாள். குதிரையும் வாளும் ஆடவர்க்கு, அழுகையும் நெருப்பும் பெண்டிர்க்கு என்று உலகம் நெடுங்காலம் வகுத்து வைத்திருந்தது. மேலை நாடுகளிலும் உடல் வலிமை பெண்ணுக்கு அழகன்று என்றே பலர் கருதினர். அக்கருத்தைத் தம் கைகளாலும் கால்களாலும் பொய்யாக்கியவர் அமெரிக்க நாட்டு வீராங்கனை பேப் சகாரியாஸ் அம்மையார்.

அவர் டெக்சாஸ் மாநிலத்துத் துறைமுக நகரான போர்ட் ஆர்தரில் 1911-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மில்திரெட் என்பது. நார்வே நாட்டிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மக்கள் எழுவருள் அவர் ஆறாமவர். 1915-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் அக்குடும்பம் பியூமாண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் செல்வம் இல்லை. ஆயினும் தந்தையார், பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கு வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே செய்து பின்கட்டில் அமைத்துக் கொடுத்தார். தெருவில் வீட்டுக்கு வீடு வளர்ந்திருந்த செடிவேலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி ஓடுவது மில்திரெட்டின் விளையாட்டு. ஒரு வேலி மட்டும் உயர்ந்திருந்தது. சிறுமி கேட்டுக்கொண்டதற்கிணங்க வீட்டுக்காரர் அதனை வெட்டித் தாழ்த்தினாராம். அத்தகைய அண்டை வீட்டார் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை! பேஸ்பால் ஆட்டத்தில் பேப் ரூத் என்னும் பெருவீரரைப் போலப் பந்தை அடித்தமையால் தமக்குப் பேப் என்னும் பெயர் வந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு. தையற்கலையிலும் அவர் கைதேர்ந்தவர்.

1930-ஆம் ஆண்டில் டல்லாஸ் நகரில் ஒரு காப்பீட்டுக் கழகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்தார். உண்மையில் அக்கழகத்தின் கூடைப்பந்துக் குழுவுக்காகவே அவரை அழைத்தனர். 1932-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இவான்ஸ்டன் நகரில் அமெரிக்க மகளிர் தடகளப் போட்டி நடைபெற்றது. அதற்கு அக்கழகம் அனுப்பிய குழுவில் இருந்தவர் ஒருவரே, அவர் பேப். எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு ஐந்தில் தனியே முதலிடம் பெற்றார். உயரந்தாண்டுதலில் மற்றொருவருடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். அவர் ஒருவராகப் பெற்ற புள்ளிகள் 30. இருபத்திரண்டு பெண்களைக் கொண்டுவந்து இரண்டாம் இடம் பெற்ற குழுவின் புள்ளிகளோ 22.

அவ்வாண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடந்தது. ஒரு பெண் மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளலாகாது என்பது அன்றைய விதி. ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடையோட்டத்திலும் பேப் பொற்பதக்கம் பெற்றார். உயரந்தாண்டுதலில் அவரும் தோழி ஒருத்தியும் ஒரே உயரத்தைத் தாண்டினர். ஆனால் உடலுக்கு முன் தலை கோலைக் கடந்தது என்று நடுவர்கள் குறைகண்டு, பேப்புக்கு வெள்ளிப் பதக்கமே அளித்தனர்.

புகழ் வந்தது, பிழைப்பு வரவில்லை. கார் விளம்பரம் ஒன்றில் அவர் பெயர் வெளியானதால் விளையாட்டுச் சங்கம் அவரை விலக்கியது. நாடக மேடைகளில் வாத்தியம் வாசித்தும், ஊர் ஊராகப் பந்தாடியும் பொருள் ஈட்டினார். அதன் பின்னரே கோல்ப் ஆட்டத்தில் முழு மனத்தைச் செலுத்தினார். கிட்டிப்புள் ஆடிப் பழகிய செஞ்சிச் சிறுவர்க்கு இவ்வாட்டத்தின் அடிப்படை எளிதில் விளங்கும். கோலால் சிறு பந்தை அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். பேப் கைகள் கொப்புளித்துக் குருதி கசியும்வரை பயின்றார். ஏறத்தாழ 250 கசத் தொலைவுக்குப் பந்தை அடிக்க அவரால் இயன்றது. இராசகிரி மலையைத் தரையில் கிடத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் இருக்கும்!

1935-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநில மகளிர் போட்டியில் வென்றார். உடனே மற்றொரு கதவு மூடப்பட்டது. பிற ஆட்டங்களில் பணம் பெற்றவர் தொழில்முறை ஆட்டக்காரரே. பொழுதுபோக்காக ஆடுவோரின் போட்டிகளில் அவர்க்கு இடமில்லை என்று கோல்ப் சங்கத்தார் தீர்ப்பளித்தனர். தொழில்முறைப் பெண்களுக்கோ அந்நாளில் போட்டிகள் மிகச் சில. 1938-இல் ஆடவர்களின் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் துணிந்து கலந்துகொண்டார். அங்கே தம்முடன் ஆடிய ஜார்ஜ் சகாரியாஸ் என்னும் மற்போர் வீரரை அவ்வாண்டு இறுதியில் மணந்தார். பின்னர்ப் பரிசுப் பணத்தைத் துறந்து பொறுமையுடன் காத்திருந்து, 1943-இல் இழந்த உரிமையை மீட்டார். 1946-இல் அமெரிக்க மகளிர் பட்டமும், 1947-இல் ஸ்காட்லாந்தின் கல்லேன் திடலில் பிரிட்டிஷ் மகளிர் பட்டமும் அவரை அடைந்தன. பிரிட்டிஷ் பட்டத்தை அமெரிக்கப் பெண் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை.

மீண்டும் தொழில்முறைக்குத் திரும்பிய அவர், 1950-இல் மகளிர் தொழில்முறைக் கோல்ப் சங்கத்தைத் தொடங்கிய பதின்மூவருள் ஒருவரானார். அவர் அடக்கமே உருவானவர் என்று கூற இயலாது. தம் திறமையைத் தாமே பறைசாற்றுவார். தம் வயதைக் குறைத்துச் சொல்வார். உடன் ஆடியோர் சிலர்க்கு அது கசந்தது. ஆனால் அவரைக் காணத் திரண்ட கூட்டத்தினாலேயே அச்சங்கம் வேரூன்றியது என்பதையும் மறுத்தற்கில்லை.

1953-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவர்க்குக் குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் குடலின் ஒரு பகுதியை அகற்றி, கழிவு வெளியேற வயிற்றில் வேறு வழி அமைத்தனர். நோய் முற்றும் நீங்கவில்லை என்பதைக் கணவரிடம் தெரிவித்தனர், அவரிடம் மறைத்தனர். நோயின் பெயரைச் சொல்லவும் மக்கள் கூசிய காலம் அது. பேப் அதனை வெளிப்படையாகச் சொன்னார். நோயுற்ற பிறர் மனம் தளரலாகாது என்பது அவர் எண்ணம். நான்கு திங்கள் முடியுமுன் மீண்டும் திடலில் இறங்கினார். 1954-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பீபடி நகரில் நடந்த அமெரிக்க மகளிர் திறந்த போட்டியின் இறுதி நாளன்று முப்பத்தாறு குழிகளை ஆடி முடித்தார். இரண்டாமவரைவிட அவர் பன்னிரண்டு அடிகள் முன்னிருந்தார்.

அடுத்த ஆண்டில் நோய் திரும்பியது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் கால்வெஸ்டன் மருத்துவமனையில், தம் நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். அமெரிக்க அரசு தன் உயரிய குடிமக்கள் விருதை அவர் பெயர்க்கு வழங்க 2021-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. சிறுமியாக வேலிகளைத் தாண்டி ஓடிய பியூமாண்ட் நகரிலேயே அவர் உடலை அடக்கம் செய்தனர்.