வைணு பாப்பு நோக்கிய அமைதிச் சூரியன்

சூரியனின் காந்தப்புலம் என்றால் கரும்புள்ளிகளைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால், கரும்புள்ளியே இல்லாத, அமைதியானதாகத் தோன்றும் பெரும்பரப்பிலும் காந்தப்புலம் சிறுசிறு திட்டுகளாக விரவிக் கிடக்கிறது. ஆரவாரமற்ற அந்தப் பரப்பில் அக்கறை கொண்டவர், 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவரைத் தொலைநோக்கி அமைத்தவராக மட்டுமே நினைவுகூர்வது குறை என்பது என் கருத்து.

தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949-இல், வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்தார் பாப்பு. பின்னர் பாலோமரில் ஓலின் வில்சனுடன் இணைந்தார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில், கால்சியத்தின் கரிய 'கே' கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு ஒன்று தென்படும். விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடக்கூட, அதன் அகலமும் கூடுவதை இருவரும் 1957-இல் காட்டினர். அகலத்தை அளந்தால் பிரகாசம் தெரியும். பிரகாசம் தெரிந்தால் தொலைவைக் கணக்கிடலாம். வில்சன்-பாப்பு விளைவு என்பது இதுவே.

அந்த ஒளிர்வு விண்மீனின் எப்பகுதியிலிருந்து வருகிறது? தொலைவிலுள்ள விண்மீன் வெறும் புள்ளி. விடை தேட அருகிலிருக்கும் சூரியனே வழி. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரான அவர், கே.ஆர். சிவராமனுடன் சேர்ந்து சூரியனின் கால்சிய ஒளியை நுணுகி ஆராய்ந்தார். அமைதிப் பரப்பில் மின்னும் நுண்ணிய ஒளித்திட்டுகளே அந்த அகலத்தைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவை 1971-இல் வெளியிட்டனர். கால்சிய ஒளி கூடுமிடத்தில் பெரும்பாலும் காந்தப்புலமும் செறிந்திருக்கும். ஆகவே, கொடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சேர்ந்த கால்சியப் படங்கள், காந்தப்புலத்தை நேரடியாக அளக்க இயலாத காலத்துக்கும் சான்றாக நிற்கின்றன.

இரவு வானுக்கு அவர் தேர்ந்த இடம் ஜவ்வாது மலையின் காவலூர். நான் வசிக்கும் தாம்பரத்தில் தெருவிளக்குகளையும் கட்டட வெளிச்சத்தையும் மீறி விரல்விட்டு எண்ணத்தக்க விண்மீன்களே தெரிகின்றன. மலைக்காட்டை அவர் நாடியதன் நியாயம் எனக்கு எளிதில் விளங்குகிறது. 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவானபோது அதன் தலைமைப் பொறுப்பும் அவருக்கே வந்தது. உலக வானியலாளர் சங்கத்தின் தலைவராக இருக்கையில், 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் காலமானார். வயது 55. காவலூரில் அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடிவடைந்திருக்கவில்லை. 1986-இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் மறைந்த அதே ஆண்டில் சிவராமனும் வில்லியம் லிவிங்ஸ்டனும், அமைதிப் பரப்பின் ஒளிப்புள்ளிகளை அங்குள்ள நலிந்த காந்தப்புலத்தோடு இணைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்புள்ளிகளை ஒளிரச் செய்வது காந்தப்புலமா, கீழிருந்து எழும் அலைகளா என்ற விவாதம் அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது.