பால்மரத்தைச் சாகாமல் காத்த ரிட்லி துரை



பால்மரம் நமக்குப் புதிதல்ல. ஆனால் மரம் சாகாமல் பால் எடுக்க வழி கண்டவர் யார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். அவர்தான் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி.

1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர் 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்குத் தலைவராக வந்தார். நம்ம பினாங்கும் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. அவர் வருவதற்கு முன்பே, 1877-இல், 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. ஆனால் தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பினார்கள். ரப்பரைச் சீந்துவார் இல்லை.

பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். கொத்திய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மறுபடி வெட்ட முடியாது. ரிட்லி என்ன செய்தார்? இன்று வெட்டிய இடத்துக்கே மறுநாளும் போய்ப் பார்த்தார். பழைய வெட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவினால் முதல் நாளைவிட அதிகமாகப் பால் வடிவதைக் கண்டார். உள்மரத்தில் உளி படாவிட்டால் பட்டை திரும்ப வளரும் என்பதும் விளங்கியது. இது ஒரே நாளில் கிடைத்ததல்ல. பல வருஷம் வெட்டி, அளந்து, திருத்திப் பெற்றது.

அவர் விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்களாம். அவர் பேச்சைக் கேட்டு 1896-இல் மலாக்காவில் ரப்பர் பயிரிட்டவர் டான் சே யான். பின்பு மோட்டார் வண்டி பெருகியது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. கேலி செய்தவர்களும் விதை கேட்டார்கள். 1912-இல் ஓய்வு பெற்ற ரிட்லி, நூறு வயது கண்டு 1956-இல் மறைந்தார்.

பெரியோர்களே, ஒன்றை மறந்துவிடக் கூடாது. வழி சொன்னவர் ரிட்லி. அதை இருட்டோடு எழுந்து மரத்துக்கு மரம் செய்து காட்டியது நம் தாத்தா பாட்டி கைகள். காயம் படாமல் வெட்டிய அந்தக் கைகளின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பக்கத்துப் பத்து காவானில் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கைசன் என்ற ஜப்பானியச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். தினமும் கொஞ்சம் திருத்து என்பதுதான் அதன் சாரம். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: குறையைக் கண்டால் மறைக்காமல் சொல்லும் தொழிலாளி, சொன்னவனைத் திட்டாமல் காது கொடுக்கும் மேலாள். உளி பிடித்தவனுக்குத்தானே மரத்தின் காயம் முதலில் தெரியும்!

மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவரும் வாங்காதவரும் நேற்றைய பாடத்தை இன்று ஒரு முறை புரட்டுங்கள். எங்கே தப்பியது என்று பாருங்கள். அந்த இடத்தை மட்டும் மெல்லச் சீவுங்கள். நாளைக்குப் பால் கூடும்.