உடைந்த குரலும் உடையாத உள்ளமும்

மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டவர்களை நாம் அதிர்ஷ்டசாலிகள் என்கிறோம். மீண்ட பிறகு அவர்கள் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. மக்கள் திலகம் எம்.ஜி.ஆரின் வாழ்வு அதை எண்ண வைக்கிறது.

1917ஆம் ஆண்டு இலங்கையில் கண்டிக்கு அருகே பிறந்தவர் அவர். தந்தையை இழந்து, வறுமையால் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1959இல் சீர்காழியில் நடந்த 'இன்பக் கனவு' நாடகத்தில் அவர் கால் முறிந்தது. எங்கள் திருவேட்டக்குடியிலிருந்து தரங்கம்பாடி வழியாக வடக்கே சென்றால் வரும் ஊர்தான் சீர்காழி. இனி வாள் வீசுவாரா என்று பலரும் ஐயுற்றனர். எலும்பு கூடியது; மீண்டும் சண்டைக் காட்சிகளில் துள்ளினார்.

1967 சனவரி 12இல் நேர்ந்ததோ அதனினும் கொடிது. இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் நடிகர் எம்.ஆர்.இராதா சுட்ட குண்டு, காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. சனவரி 17, அவரது ஐம்பதாவது பிறந்த நாள், படுக்கையிலேயே கழிந்தது. கழுத்துக் கட்டுடன் இருந்த அவர் படம் சுவரொட்டியாயிற்று. வீதிக்கு வந்து வாக்குக் கேட்காமலே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார்.

உயிர் மீண்டது, பழைய குரல் மீளவில்லை. உடலின் எல்லாப் பகுதிகளும் எலும்பைப் போல் கூடுவதில்லை என்பதை விலங்கியல் படிக்கும் நான் அறிவேன். வசனமே உயிராக இருந்த திரையுலகில் குரல் போன நடிகருக்கு ஏது இடம்? இரவல் குரலில் பேசவைக்க வழி இருந்தது. அவரோ பேசிப் பேசிப் பழகினார். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் குழறிய சொந்தக் குரலிலேயே பேசினார். மக்கள் அதையும் ஏற்றனர். 'ரிக்‌ஷாக்காரன்' (1971) அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. 1977இல் முதலமைச்சராகப் பேசியதும் அதே குரல்தான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் தந்தை கடலுக்குப் போகிறவர். படகில் அடிபட்டு உயிர் தப்பினார். வலக்கை பழையபடி வரவில்லை. ஆறு மாதம் கடற்கரைப் பக்கமே அவர் போகவில்லை. வலியைவிட, நாலுபேர் பார்ப்பார்களே என்ற கூச்சமே அவரை வீட்டில் கட்டிப்போட்டது. பிறகு ஒருநாள் தோழர்கள் நடுவே உட்கார்ந்து, இடக்கையால் மெல்ல மெல்ல வலை பின்னத் தொடங்கினார்.

நண்பர்களே, காயம் ஆற நாளாகும். காயத்தின் குறையோடு நாலுபேர் முன் நிற்கும் துணிவு வர, அதைவிட நாளாகும். அந்தத் துணிவுக்கு மருந்துக்கடையில் மருந்தில்லை. முகம் சுளிக்காமல் காத்திருக்கும் சுற்றத்தாரே அதற்கு மருந்து.